யாரோடு சாப்பிட்டாய்?

(மேல்படிப்புக்காக வெளிநாடு செல்லும் உறுப்பினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நம் சங்கம் நடத்திய வழியனுப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"வெளிநாட்டில் படிக்கப் போகிற குழந்தைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் வெளிநாட்டில் படித்தவன் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு மத்திய அரசு உத்தியோகம். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஏழு ஊர் மாற்றல். அவ்வளவுதான் என் பிரயாணம். ஆனால் ஆபீஸில் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம் இருக்கிறது. புதிதாக ஒரு விஷயம் மேஜைக்கு வந்தால், "இதற்கு முன்னால் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? அந்த ஃபைலை எடு" என்போம். முன்னால் என்ன செய்தார்கள், அது எப்படி முடிந்தது என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்போம்.

அதே மாதிரி இன்று இரண்டு பழைய ஃபைல்களை எடுத்து வந்திருக்கிறேன். இரண்டு பேரும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்தான். இருவரும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர்கள். இருவரும் மாமிசம் தொடமாட்டேன் என்ற சங்கல்பத்தோடு போனவர்கள். இருவரும் கூச்ச சுபாவக்காரர்கள். ஆனால் ஒருவருக்கு அந்த ஊர் பழகிவிட்டது. மற்றவருக்குக் கடைசி வரை பழகவில்லை. ஏன் என்று பார்ப்போம். உங்களில் பலர் லண்டன் போகிறீர்கள் என்பதால் லண்டனையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். டொரன்டோவும் மெல்போர்னும் போகிறவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதல் ஃபைல் 1888-ஆம் வருஷத்தது. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அந்த செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறும்போது அவருக்கு இன்னும் பத்தொன்பது வயது முடியவில்லை. ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். மது, மாமிசம், பெண் ஆகிய மூன்றையும் தொடுவதில்லை என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கடல் கடந்து போகக் கூடாது என்று அவருடைய ஜாதியார் பம்பாயில் கூட்டம் போட்டு, மீறியவரை ஜாதியிலிருந்து விலக்கியும் வைத்தார்கள். நம் தாத்தாக்கள் காலத்தில் நம் வீடுகளிலும் இதே பேச்சு நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அவர் போய் இறங்கியது செப்டம்பர் மாதக் கடைசி. கரை இறங்குவதற்கென்று வெள்ளை ஃப்ளானல் சூட் ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் வெள்ளை உடை அணிந்தவர் அவர் ஒருவர்தான். சாமான்களை அனுப்பியிருந்த ஏஜெண்டிடமிருந்து மறுநாளும் வாங்க முடியாது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை. அந்த வெள்ளைச் சூட்டோடேயே ஹோட்டலில் இருக்க வேண்டியதாயிற்று. பார்க்க வந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் உயரத் தொப்பியைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். மயிர் எல்லாம் எதிர்ப்பக்கமாக எழும்பிவிட்டது. அன்றைக்கு மேத்தா அவருக்கு முதல் பாடம் சொன்னார். பிறர் பொருளைத் தொடாதே, முதல் சந்திப்பிலேயே நம் ஊர் மாதிரி ஊர், பேர், சம்பளம் எல்லாம் விசாரிக்காதே, உரக்கப் பேசாதே, எல்லோரையும் "சார், சார்" என்று கூப்பிடாதே. நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகியும் இந்த நாலும் செல்லும் என்பது ஆச்சரியம்தான். இன்று லண்டன் பல்கலைக்கழகங்களில் பேராசிரியரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நமக்கு வாய் வராது. ஒரு மாதத்தில் வந்துவிடும்.

பிறகு சாப்பாட்டுப் பிரச்சினை. மேற்கு கென்ஸிங்டன் பக்கம் ஒரு விதவை அம்மாள் வீட்டில் தங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி. மதியமும் ராத்திரியும் ரொட்டி, ஜாம், கீரை. இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்க வெட்கம். அந்த அம்மாளின் பெண்கள் இன்னும் ஒன்று எடுத்துக்கொள் என்று வற்புறுத்துவார்கள். அந்த வயசுப் பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு? ராத்திரியில் அம்மா நினைவு வந்து கண்ணீர் வடித்ததாக அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கூட இருந்த ஒரு நண்பர், படிப்பறிவில்லாத தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒரு வாக்கா என்று தினமும் வாதாடினார். புத்தகம் எல்லாம் படித்துக் காட்டினார். இவர் வாதம் செய்யவில்லை. "எனக்கு வாதாடத் தெரியாது, வாக்கு வாக்குதான்" என்று நிறுத்திக்கொண்டார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று அறைக்குள்ளேயே அவர் பட்டினி கிடக்கவில்லை. ஊரில் சைவ ஹோட்டல்கள் இருக்கின்றன என்று வீட்டுக்கார அம்மாள் சொன்ன ஒரே ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டு, தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடினார். ஒருநாள் ஃபாரிங்டன் ஸ்ட்ரீட்டில் "சென்ட்ரல்" என்ற சைவ ஹோட்டல் கண்ணில் பட்டது. வாசலிலேயே ஹென்றி ஸால்ட் என்பவர் சைவ உணவை ஆதரித்து எழுதிய புத்தகம் ஒரு ஷில்லிங் விலைக்கு இருந்தது. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்துக்கு வந்த பிறகு வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

வயிறு நிறைந்ததைவிடப் பெரிய காரியம் அங்கே நடந்தது. அந்த மேஜைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆங்கிலேயர்கள். தங்கள் சொந்த யோசனையால் மாமிசத்தை விட்டவர்கள். அவர்களுடைய சங்கத்தில் காந்தி சேர்ந்தார். அதன் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு சைவ உணவுக் கிளப்பை நடத்தினார். டாக்டர் ஜோஸையா ஓல்ட்ஃபீல்ட் தலைவர், கீதையை ஆங்கிலத்தில் பெயர்த்த ஸர் எட்வின் அர்னால்ட் உபதலைவர், இவர் காரியதரிசி. அந்தக் கீதையைக் கூட அவர் முதன்முதலாகப் படித்தது லண்டனில்தான். இரண்டு ஆங்கிலேய சகோதரர்கள் "எங்களோடு சேர்ந்து படிக்கலாமா?" என்று கூப்பிட்டபோது, அதை நான் இதுவரை படித்ததில்லையே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தக் காலத்தில் பாரிஸ்டர் ஆவதற்குப் பரீட்சை மட்டும் போதாது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்துகளில் ஆஜராகியிருக்கவும் வேண்டும். நாலு பேர் கொண்ட மேஜைக்கு இரண்டு பாட்டில் திராட்சை மது. இவர் தொடமாட்டார். அதனால் இவரைத் தங்கள் மேஜைக்கு இழுத்துக்கொள்ள மாணவர்களுக்குள் போட்டி! கொள்கையோடு இருக்கிறவனை எல்லோரும் ஒதுக்கிவிடுவார்கள் என்று நாம் பயப்படுகிறோம். அங்கே நடந்தது நேர் எதிர்.

நடுவில் அவரும் கொஞ்சம் ஆட்டம் போட்டார். கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆங்கில கனவானாக மாற முயன்றார். பாண்ட் ஸ்ட்ரீட்டில் பத்துப் பவுண்டுக்கு மாலை நேர சூட், நடன வகுப்புக்கு மூன்று பவுண்டு, வயலின் வாங்க மூன்று பவுண்டு, பேச்சுப் பயிற்சி தனி. கண்ணாடி முன்னால் நின்று டை கட்டத் தினம் பத்து நிமிஷம். பிறகு, "நான் படிக்க வந்தவன், வாழ்நாள் முழுவதும் இங்கே இருக்கப் போகிறவன் இல்லை" என்று தோன்றிற்று. நிறுத்திவிட்டார். பஸ் கட்டணம், தபால் தலை உள்பட ஒவ்வொரு செலவையும் எழுதி, ராத்திரி படுக்குமுன் கணக்குப் பார்த்தார். ஒற்றை அறைக்கு மாறி, காலையில் ஓட்ஸும் கோகோவும் தாமே தயாரித்து, ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸுக்குக் கொண்டுவந்தார். 1890 ஜனவரியில் லண்டன் மெட்ரிகுலேஷனில் லத்தீன் பாடத்தில் தவறினார். ஜூனில் மறுபடி எழுதித் தேறினார். 1891 ஜூன் 10-ஆம் தேதி பாரிஸ்டர் பட்டம், 12-ஆம் தேதி ஊருக்குக் கப்பல்.

இரண்டாவது ஃபைல் நம் வீட்டு ஃபைல். கும்பகோணம் ஸ்ரீனிவாஸ ராமானுஜன். 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். ஏப்ரல் 14-ஆம் தேதி லண்டன் சேர்ந்து, சில நாள் அங்கே தங்கிவிட்டு கேம்பிரிட்ஜ் போனார். அவர் போனது பெரிய நகரத்துக்கு அல்ல, சின்னக் கல்லூரி ஊருக்கு. இது முக்கியமான வித்தியாசம். பிறகு சொல்கிறேன்.

அவருடைய கணிதத்தைப் பற்றிச் சொல்ல நான் தகுதியுள்ளவன் அல்ல. அவர் அங்கே எப்படி வாழ்ந்தார் என்பதை மட்டும் பாருங்கள். பிற்காலத்தில் புள்ளியியலில் பெரும் புகழ் பெற்ற மஹலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ராத்திரி குளிர் தாங்க முடிகிறதா என்று அவர் ராமானுஜனைக் கேட்டார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையும் போர்த்திப் படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். மஹலனோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தால் கட்டிலில் வேண்டிய கம்பளிகள் இருக்கின்றன. ஆங்கிலேயர் வழக்கப்படி ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருக்கிறார்கள். அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. எவ்வளவு பெரிய மூளை! எவ்வளவு சின்ன விஷயம்!

சாப்பாட்டில் அவர் ஆசாரம் விடவில்லை. டிரினிடி கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில் மற்றவர்களோடு உட்காரவில்லை. அறையில் கேஸ் அடுப்பில் தாமே சமைத்தார். கணக்கில் ஆழ்ந்துவிட்டால் வேளை தவறும். அவர் போன ஆகஸ்டிலேயே உலக யுத்தம் மூண்டது. ஊரிலிருந்து வரும் சாமான்கள் அருகின. காய்கறி கிடைப்பது கஷ்டமாயிற்று. அங்கிருந்த நம் நாட்டு மாணவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 1917-ல் நோயில் விழுந்தார். ஒரு ஸானடோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். அங்கேயும் சாப்பாடு ஒத்துவரவில்லை. ஊருக்கு எழுதும் கடிதங்கள் நாளடைவில் குறைந்து, ஏறத்தாழ நின்றே போயின.

அடுத்ததைச் சொல்லலாமா என்று யோசித்தேன். குழந்தைகள் தெரிந்துகொள்வதே நல்லது என்று தோன்றியதால் சொல்கிறேன். 1918-ன் தொடக்கத்தில், லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் அவர் தண்டவாளத்தில் விழுந்து உயிரை விட முயன்றார். ரயிலைச் சில அடி தூரத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது அங்கே குற்றம். போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. பேராசிரியர் ஹார்டி ஓடி வந்து பேசி மீட்டார். ஹார்டியிடம் கேட்டறிந்து இதைப் பிற்பாடு உலகத்துக்குச் சொன்னவர் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி எஸ். சந்திரசேகர். அதே 1918 மே மாதம் ராமானுஜன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். அக்டோபரில் டிரினிடியின் ஃபெல்லோ ஆனார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது அவருடைய வெற்றியின் உச்சி. 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, முப்பத்திரண்டு வயதில் காலமானார்.

இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ராமானுஜன் நோய்வாய்ப்பட்டது தனிமையால் மட்டும் என்று நான் சொல்லவில்லை. யுத்தம், குளிர், அவர் உடம்பில் இருந்த வியாதி எல்லாம் சேர்ந்தது. அந்த வியாதி என்ன என்று டாக்டர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆசாரமாக இருந்ததும் குறையல்ல. காந்தியும் விட்டுக்கொடுக்கவில்லையே! வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவருடைய விரதம் அவரை நாலு பேர் உட்கார்ந்திருந்த மேஜைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மற்றவருடைய விரதம் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒற்றை அடுப்பின் முன்னால் உட்கார வைத்தது. காந்திக்குப் பெரிய நகரம் கை கொடுத்தது. பெரிய ஊரில் எல்லா மாதிரி மனிதர்களும் எங்காவது ஒரு மூலையில் இருப்பார்கள், தேடி நடந்தால் அகப்படுவார்கள். சின்ன ஊரில், யுத்த காலத்தில், ராமானுஜனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

உங்களுக்கு இருக்கிறது. பெரிய நகரத்தின் கூட்டத்தைப் பார்த்து மிரள வேண்டாம். அங்கே உங்களுக்கான மேஜை ஒன்று எங்கேயோ இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் முதல் மாதத்து வேலை. படிப்பு தானே நடக்கும்.

என் பேத்தி லண்டனில் ஒரு வருஷம் முதுகலை படித்துவிட்டு வந்தாள். ஆறு பேருக்கு ஒரே சமையலறை, ஒரே ஃப்ரிட்ஜ். திறந்தால் அவளுக்குக் குமட்டும். இரண்டு வாரம் அறையிலேயே பிஸ்கட்டும் ரெடிமேட் உப்புமாவும். மூன்றாவது வாரம் மற்ற ஐந்து பேரிடமும் நேராகச் சொன்னாளாம்: "நான் மாமிசம் சாப்பிடுவதில்லை, என் வாணலியையும் கரண்டியையும் தனியாக வைத்துக்கொள்கிறேன், ஃப்ரிட்ஜில் மேல் தட்டு எனக்கு வேண்டும், தவறாக நினைக்காதீர்கள்." யாரும் தவறாக நினைக்கவில்லை. "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றார்களாம். பிறகு வெள்ளிக்கிழமை ராத்திரி அவள் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குக் கறியும் பண்ணுவாள், ஆறு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அதில் ஒரு பெண் கொரியா, ஒரு பையன் நைஜீரியா. பரீட்சை சமயத்தில் இவளுக்கு ஜுரம் வந்தபோது மருந்துக் கடைக்கு ஓடியது அந்த நைஜீரியப் பையன்தான். இவை எல்லாம் எந்தப் பல்கலைக்கழக வெப்சைட்டிலும் இருக்காது.

கோவில் இருக்கிறது. ஹைகேட்டில் முருகன், விம்பிள்டனில் கணபதி, ஈஸ்ட் ஹாமில் மஹாலக்ஷ்மி. இலங்கைத் தமிழர்கள் பெரும்பாடு பட்டு வளர்த்த கோவில்கள் அங்கே பல. மேற்கு கென்ஸிங்டனில் பாரதிய வித்யா பவன் இருக்கிறது. காந்தி குடியிருந்த தெருவிலிருந்து நடந்து போகிற தூரம்தான். கர்நாடக சங்கீதமும் பரதமும் சம்ஸ்கிருதமும் அங்கே சொல்லித் தருகிறார்கள். அவசியம் போங்கள். ஆனால் நம்மவர்களோடு மட்டுமே இருந்துவிட்டால், லண்டனில் ஒரு வருஷம் இருந்தும் மாம்பலத்திலேயே இருந்த மாதிரி ஆகிவிடும். வாரத்தில் ஒரு வேளை நம்மவர்களோடு, ஒரு வேளை மற்றவர்களோடு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பொட்டலத்தில் "வெஜிடேரியன்" என்று போட்டிருந்தாலும் முட்டை இருக்கலாம். கேட்டு, படித்து வாங்குங்கள். காந்தியும் ஹோட்டலில் ஒவ்வொரு பண்டத்திலும் முட்டை இருக்கிறதா என்று கேட்டுத்தான் சாப்பிட்டார்.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் ஒரு விஷயம். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரி. லண்டன் 51½ டிகிரி. டிசம்பர் 21-ஆம் தேதி சென்னையில் பகல் பதினோரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். லண்டனில் எட்டு மணி நேரம் கூட இல்லை. மத்தியானம் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளியவுடன் இருட்டு திடீரென்று வந்து உட்கார்ந்துகொள்ளும். மனசு காரணமில்லாமல் சோர்ந்தால், அதில் பாதி சூரியன் செய்கிற வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நடந்துவிட்டு வாருங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை அந்த ஊர் வெயிலில் நம் உடம்பு போதுமான வைட்டமின் டி செய்துகொள்ள முடியாது. நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்கு இன்னும் கஷ்டம். தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ளும்படி அந்த நாட்டு அரசாங்கமே சொல்கிறது. ராமானுஜன் காலத்தில் இதைச் சொல்ல ஆளில்லை. அவர் காலமாகி இரண்டு வருஷம் கழித்து, 1922-ல்தான் வைட்டமின் டி என்ற பெயரே வந்தது.

இனி சில ஆபீஸ் குறிப்புகள்.

போன முதல் வாரத்தில் பக்கத்து டாக்டரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். விசாவோடு சேர்த்து சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். 2024 பிப்ரவரி முதல் மாணவர்களுக்கு அது வருஷத்துக்கு 776 பவுண்டு. பணத்தைக் கட்டிவிட்டு ஜுரத்தோடு படுத்திருக்க வேண்டாம். அவசரமென்றால் 999. அவசரமில்லாத உடம்புத் தொந்தரவுக்கு 111.

வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பினான். போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. முதல் சில வாரங்களுக்குப் பல்கலைக்கழக விடுதியே உத்தமம். அங்கே சாதாரண வாடகை ஒப்பந்தங்களில், வருஷ வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால், 5 வார வாடகைக்கு மேல் டெபாஸிட் கேட்கக் கூடாது என்று 2019-ல் சட்டம் வந்துவிட்டது. அந்தப் பணத்தை 30 நாளுக்குள் அரசாங்கம் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

மாணவர்களுக்கான ஆய்ஸ்டர் கார்டு எடுத்தால் வார, மாத பாஸ்களில் 30 சதவீதம் தள்ளுபடி. முழுநேர மாணவர்களுக்கு உள்ளூர் கவுன்சில் வரி கிடையாது. கல்லூரிச் சான்றிதழைக் காட்டினால் போதும். பட்டப்படிப்புப் படிக்கிறவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. ஒரு மணி கூடினாலும் விசாவுக்கே ஆபத்து. கடன் வாங்கிப் போகிறவர்கள் செலவுக் கணக்கைத் தினமும் எழுதுங்கள். அப்பா கேட்பார் என்பதற்காக எழுத வேண்டாம். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால் ராத்திரி தூக்கம் வரும்.

மனசு தாங்காத நாள் வந்தால், அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இதற்கென்று ஆலோசகர்கள் இருக்கிறார்கள். செலவு கிடையாது. ஸமாரிட்டன்ஸ் என்ற அமைப்பின் 116 123 என்ற நம்பருக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் பேசுவார்கள், அதுவும் இலவசம். ராமானுஜன் காலத்தில் குற்றமாக இருந்தது 1961-லேயே அங்கே குற்றப் பட்டியலிலிருந்து போய்விட்டது. இன்று அது உதவி கேட்கிற விஷயம், வெட்கப்படுகிற விஷயம் அல்ல.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு. இந்தக் கூட்டத்தில் எனக்கு அதிகக் கவலை உங்களைப் பற்றித்தான்.

நாம் போனில் முதலில் கேட்கிற கேள்வி என்ன? "சாப்பிட்டாயா?" குழந்தை "ஆச்சு" என்று சொல்லும். ஒரு வாழைப்பழம் தின்றிருந்தாலும் "ஆச்சு"தான். நமக்கும் நிம்மதி, அதற்கும் நிம்மதி. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். "யாரோடு சாப்பிட்டாய்?" இதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஒரு பெயர் வரும். அடுத்த வாரம் அந்தப் பெயரை விசாரியுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து "தனியாகத்தான்" என்று பதில் வந்தால், மார்க்கைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு அதைப் பற்றிப் பேசுங்கள். கூடச் சாப்பிடுகிறவர் பெயர் நமக்கு வாயில் நுழையாத பெயராக இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். அந்தப் பெயர்தான் ஜுர ராத்திரியில் மருந்து வாங்கி வரப் போகிறது.

நேரத்தைக் கணக்குப் போட்டுக் கூப்பிடுங்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம், கோடையில் நாலரை. நாம் காலைக் காபி குடித்துவிட்டு ஆறு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே நடு ராத்திரி. வாரத்தில் இரண்டு நாள் நிதானமாகப் பேசினால் போதும். அன்றாடம் பத்து நிமிஷம் விசாரணைக் கமிஷன் வேண்டாம்.

வீட்டுச் சண்டையை அங்கே அனுப்பாதீர்கள். ராமானுஜன் வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. மனைவி எழுதிய கடிதங்கள் அவர் கைக்கே போய்ச் சேரவில்லை என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் நோயாளியாகக் கிடந்தவருக்கு ஊரிலிருந்து வர வேண்டிய ஆறுதல் பாதி வழியில் நின்றுவிட்டது. யாரைக் குற்றம் சொல்வதற்காகவும் இதைச் சொல்லவில்லை. நம் வீட்டில் அது நடக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு பேப்பரில் தவறினால் "என்ன ஆச்சு உனக்கு? இவ்வளவு லட்சம் செலவழித்து..." என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஒரு முறை ஆரம்பித்தால் அடுத்த தோல்வி நமக்குத் தெரியாமலே போய்விடும். லத்தீனில் தவறிய பையனின் கதையைச் சொல்லுங்கள்.

குழந்தைகளே! உங்கள் பெட்டியில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், குக்கர், கம்பளி எல்லாம் அம்மா வைத்துவிடுவாள். எடை 23 கிலோவைத் தாண்டாமல் அப்பா பார்த்துக்கொள்வார். அந்தப் புளிக்காய்ச்சல் பாட்டிலை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளாதீர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமையே இரண்டு ஆழாக்கு அரிசி வைத்து, பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். எல்லோரும் சௌக்கியமாகப் போய், நன்றாகப் படித்து, க்ஷேமமாகத் திரும்பி வர வேண்டும் என்று ஆசீர்வதித்து என் உரையை முடித்துக்கொள்கிறேன்.